கைராசியா, கைச்சுத்தமா? – ஆபரேஷன் புண்ணும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்



நம் குழுக்களின் கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். கறவை மாடு, ஆடு, தையல் மிஷின், பிள்ளைகளின் படிப்பு என்று வரிசையாக எழுதியிருக்கும். அதற்கு நடுவில் "மருத்துவச் செலவு" என்ற வரியும் தவறாமல் இருக்கும். ஆபரேஷனுக்கு என்று ஒரு முறை கடன் வாங்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் ஒரு மாதம் கழித்து அதே சகோதரி, "புண்ணு ஆறலைக்கா, சீழ் வச்சிருச்சு, மறுபடியும் சேரச் சொல்லிட்டாங்க" என்று இரண்டாவது கடன் கேட்டு வரும்போதுதான் மனசு கனத்துப் போகிறது. வேலைக்குப் போக முடியாது. கூலி போச்சு. கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. தவணையும் நிற்கிறது.

அந்த நேரத்தில் நாம் கூட்டத்தில் என்ன பேசிக்கொள்கிறோம்? "அந்த டாக்டருக்குக் கைராசி இல்லை" என்கிறோம். "இவ பத்தியம் இருந்திருக்க மாட்டா" என்கிறோம். "நேரம் சரியில்லை" என்றும் சொல்லிவிடுகிறோம். ஏற்கனவே வலியில் கிடப்பவளின் தலையில் பழியையும் ஏற்றிவிடுகிறோம்.

உண்மையான காரணம் கண்ணுக்குத் தெரியாத கிருமி. அந்தக் கிருமி புண்ணுக்குள் எப்படி வருகிறது, கொடுக்கிற மருந்துக்கு அது ஏன் சில நேரம் அடங்குவதில்லை, நாம் என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்த இதழில் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் நூற்றுக்குச் சுமார் 45 சிசேரியன். குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை, குடல்வால், கண் என்று மற்ற ஆபரேஷன்கள் தனி. ஆகவே இது எல்லோர் வீட்டுக்கும் வேண்டிய விஷயம்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

பாக்டீரியா என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும், பால் தயிராவதும் பாக்டீரியாவால்தான். நம் தோலிலும், மூக்கிலும், குடலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை இருக்கிற இடத்தில் இருந்தால் தொந்தரவு இல்லை. குடலில் இருப்பவை நமக்கு நன்மையும் செய்கின்றன.

தோல்தான் நம் உடம்புக்கு வேலி. ஆபரேஷன் என்றால் அந்த வேலியை வெட்டித் திறப்பது. திறந்த வழியாக வெளியில் இருக்கும் கிருமி உள்ளே போனால் அது வேறு கதையாகிவிடுகிறது. பெரும்பாலும் கிருமி வரும் வழிகள் இவை:

நோயாளியின் தோலிலிருந்தே வரலாம். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மூன்றில் ஒருவர் மூக்கில் சாதாரணமாகவே இருக்கிறது. புண்ணில் சீழ் பிடிக்க வைப்பதில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

குடலிலிருந்து வரலாம். ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை அங்கே இருப்பவை. வயிறு, கர்ப்பப்பை ஆபரேஷன்களில் இவை புண்ணுக்கு வர வாய்ப்பு அதிகம்.

டாக்டர், நர்ஸ், கட்டுக் கட்டுபவர், கூட இருக்கும் நாம் – இவர்கள் கைகளிலிருந்து வரலாம். சரியாகக் கொதிக்க வைக்காத கருவி, அழுக்குத் துணி, சிறுநீர்க் குழாய், குளுக்கோஸ் ஏற்றும் ஊசி ஆகியவற்றின் வழியாகவும் வரலாம்.

ஒரு கிருமி வந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கந்து வட்டி நமக்குத் தெரியும். வட்டிக்கு வட்டி குட்டி போடும். கிருமி அதைவிட மோசம். வசதியான சூட்டில், ஈரத்தில், ஈ.கோலை கிருமி 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இதே வேகத்தில் போனால் எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி இதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. இரத்தசோகை, சர்க்கரை நோய், சத்துக் குறைவு இருந்தால் அந்தத் தடுப்பு பலவீனமாகிறது.

ஆபரேஷன் முடிந்த 30 நாளுக்குள் அந்த இடத்தில் வரும் கிருமித் தொற்றை ஆபரேஷன் புண் தொற்று என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். எலும்பில் தகடு, கம்பி வைத்திருந்தால் 90 நாள் வரை கவனிக்கிறார்கள். அதாவது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் ஆபத்து முடிந்தது என்று அர்த்தம் இல்லை.

மருத்துவச்சிகள் வார்டில் மரணம் குறைந்தது ஏன்?

கைச்சுத்தத்தின் அருமையை உலகத்துக்குக் காட்டியது ஒரு பிரசவ ஆஸ்பத்திரிதான். ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் அப்போது இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். படித்த டாக்டர்கள் இருந்த முதல் பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். 1846-ல் அங்கே நூற்றுக்குச் சுமார் 11 பேர் இறந்தார்கள். "என்னை அந்தப் பக்கம் சேர்க்காதீங்க" என்று பெண்கள் கெஞ்சிய காலம் அது.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைத் தேடினார். டாக்டர்களும் மாணவர்களும் பிணப் பரிசோதனை செய்த கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். மருத்துவச்சிகளுக்கு அந்த வேலை இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். 1847-ல் எல்லோரும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வர வேண்டும் என்று கட்டாயம் ஆக்கினார். 1848-ல் மரணம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

அப்போது கிருமி என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் சரியாகத் தெரியாது. "எங்கள் கையா அழுக்கு?" என்று பெரிய டாக்டர்கள் பலர் கோபப்பட்டு, அவர் சொன்னதை ஏற்கவில்லை. பிறகு 1865-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைச் சுத்தம் செய்து காட்டினார். அதிலிருந்துதான் ஆபரேஷன் என்பது உயிர் பிழைக்கும் வைத்தியமாக மெல்ல மாறியது.

ஆக, நாம் கைராசி என்று சொல்வதில் பெரும்பகுதி கைச்சுத்தம்தான். கணக்கு எழுதுபவர் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று குழுவில் பார்க்கிறோமே, அதே மாதிரி புண்ணைத் தொடுகிற கையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

மருந்து வந்தது, கிருமியும் கற்றுக்கொண்டது

1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் என்ற விஞ்ஞானி, ஒரு பூஞ்சைக் காளான் தன்னைச் சுற்றியுள்ள பாக்டீரியாவைக் கொல்வதைக் கண்டார். அதிலிருந்து வந்ததுதான் பென்சிலின். 1940-களில் இது நோயாளிகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது. இப்படிப் பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் மருந்துகளைத்தான் ஆன்டிபயாடிக் என்கிறோம். சிசேரியன், இருதய ஆபரேஷன், சிறுநீரக மாற்று, புற்றுநோய் வைத்தியம் எல்லாம் இந்த மருந்துகளின் தைரியத்தில்தான் நடக்கின்றன.

1945-ல் நோபல் பரிசு வாங்கியபோதே ஃப்ளெமிங் ஒரு எச்சரிக்கை செய்தார். மருந்தை அரைகுறை அளவில் எடுத்தால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்றார். அப்படியே நடந்தது. பென்சிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆஸ்பத்திரிகளில் பரவியது. அதை அடக்க 1960-ஐ ஒட்டி மெத்திசிலின் என்ற புது மருந்து வந்தது. 1961-லேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். "எனக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சு, இப்ப கேக்க மாட்டேங்குது" என்று சொல்வோம். பழகுவது நம் உடம்பு இல்லை. கிருமிதான் மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக் கூடச் சாப்பிடாத பச்சைக் குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றலாம்.

பருத்தி போட்ட சகோதரிகளுக்கு இது சுலபமாகப் புரியும். காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கிறோம். முதல் வருஷம் புழு விழுகிறது. ஆனால் ஆயிரத்தில் ஒரு புழு எப்படியோ தாங்கிக்கொள்கிறது. மற்றதெல்லாம் செத்த பிறகு வயல் முழுக்க அந்த ஒன்றின் வாரிசுகள்தான். அடுத்த வருஷம் அதே மருந்து தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. இன்னும் விலை கூடின மருந்து வாங்குகிறோம். அதற்கும் இதே கதி. கிருமியின் கதையும் இதுதான்.

கிருமியிடம் இன்னொரு குணமும் உண்டு. பக்கத்து வீட்டுக்கு விதை கொடுப்பது போல, மருந்தைச் சமாளிக்கும் வித்தையை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுத்துவிடும். வேறு ஜாதிக் கிருமிக்குக் கூடக் கொடுக்கும். அதனால் இது வேகமாகப் பரவுகிறது. புது மருந்து கண்டுபிடிப்பதோ மெதுவாக நடக்கிறது. 1980-களுக்குப் பிறகு முற்றிலும் புதிய வகை ஆன்டிபயாடிக் மிகச் சிலவே வந்திருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் ஏன் அதிகம்?

ஆஸ்பத்திரியில் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. ஒன்று, திறந்த புண்ணோடும் குழாய்களோடும் பலவீனமான நோயாளிகள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கிறார்கள். இரண்டு, வலுவான ஆன்டிபயாடிக் தினமும் நிறையப் பயன்படுகிறது. சாதாரணக் கிருமி செத்து, அடங்காத கிருமி மட்டும் மிஞ்சுகிறது. மூன்று, ஒருவரைத் தொட்ட கை கழுவப்படாமல் அடுத்தவரைத் தொட்டால் அந்தக் கிருமி சுலபமாக இடம் மாறுகிறது.

2008-ல் ஸ்வீடன் நாட்டில் ஒரு நோயாளியிடம் ஒரு கிருமி கிடைத்தது. அவர் அதற்கு முன் டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்தவர். கார்பாபினெம் என்ற, கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்துகளைக் கூட அந்தக் கிருமி முறித்துப் போட்டது. அந்த வித்தைக்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். 2010-ல் வெளியான ஆய்வில் சென்னையிலும் அரியானாவிலும் எடுத்த மாதிரிகளிலும் அது இருப்பது தெரிந்தது. ஊர்ப் பெயரை வைத்ததற்கு நம் நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. பெயர் எதுவானாலும் பிரச்சனை உண்மை. 2012-ல் இந்திய மருத்துவர் சங்கங்கள் பல சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் உபயோகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று "சென்னைப் பிரகடனம்" வெளியிட்டன.

இதன் அளவு எவ்வளவு தெரியுமா? உலகம் முழுவதும் 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

அவசரமும் நெரிசலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு குடும்பக் கட்டுப்பாடு முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது அரசு விதி. அந்த முகாமுக்குப் போன பெண்களில் பலர் இறந்தார்கள். கிருமித் தொற்றா, கொடுத்த மாத்திரையில் கோளாறா என்று பெரிய வாதம் நடந்தது. அந்தப் பெண்களும் நம்மைப் போல கூலி வேலை செய்து குடும்பம் நடத்தியவர்கள்தான். 2016-ல் உச்ச நீதிமன்றம், இப்படி முகாம் போட்டுச் செய்வதை மூன்று ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. எண்ணிக்கைக்காக நம் உடம்பை அவசரத்தில் கொடுக்க வேண்டியதில்லை. "இன்னிக்கு எத்தனை பேருக்கு?" என்று கேட்பதும் நம் உரிமைதான்.

ஆபரேஷனுக்கு முன்னால்

நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் தயாராக நேரம் இருக்கிறது.

சர்க்கரை, இரத்த அளவு இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், கிருமிக்கும் கொண்டாட்டம். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் வேலையில் நம் குழுச் சகோதரிகளே பலர் சேர்ந்தார்கள். ஆகவே இது நமக்குப் புதிதல்ல.

முதல் நாளோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளியுங்கள். நகம் வெட்டுங்கள். வளையல், மோதிரம், நகப்பூச்சு வேண்டாம்.

ஆபரேஷன் இடத்து முடியை வீட்டில் பிளேடு போட்டு வழிக்காதீர்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். கிருமி அதில் குடியேறும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் தந்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. எடுக்க வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் கத்தரிக்கும் கருவியால் எடுப்பார்கள்.

உடம்பில் வேறு கட்டி, சொறி, சிறுநீர் எரிச்சல், வெள்ளைப்படுதல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "சொன்னா தேதி தள்ளிப்போகுமே" என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம். எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது

பல ஆபரேஷன்களில் கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். வெட்டும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தடுப்புக்காகப் போடும் இந்த மருந்தை, ஆபரேஷன் முடிந்த பிறகும் நாள்கணக்கில் நீட்டத் தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாமோ, "பக்கத்து பெட்டுக்கு அஞ்சு நாள் ஊசி போட்டாங்க, எனக்கு ஏன் போடலை?" என்று சண்டை போடுகிறோம். ஊசி அதிகமானால் பாதுகாப்பு அதிகமாகாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா சாகும். வயிற்றுப்போக்கு வரும். அடங்காத கிருமிக்கு இடம் காலியாகும். ஆனால் ஏற்கனவே தொற்று இருப்பவருக்கு நாள்கணக்கில் மருந்து வேண்டியிருக்கும். யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டு மாற்ற வருபவர் கை கழுவினாரா என்று பாருங்கள். கழுவவில்லை என்றால் மரியாதையாகக் கேட்கலாம்: "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா? கோவிச்சுக்காதீங்க, புண்ணு பச்சையா இருக்கு." இதில் தப்பே இல்லை. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், "இதை எப்ப எடுப்பீங்க?" என்றும் கேளுங்கள். தேவைக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் கிருமிக்கு அது ஏணி.

அடுத்தது பார்வையாளர்கள். குழந்தை பிறந்தது என்றால் ஊரே கிளம்பிவிடுகிறோம். பத்துப் பேர் கட்டிலில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு தடவை குழந்தையை வாங்கிக் கொஞ்சுகிறோம். பாசம்தான். ஆனால் பஸ் கம்பியைப் பிடித்த கை, மாட்டைக் கட்டிய கை எல்லாம் அங்கே வந்து சேருகிறது. கூட ஒருவர் இருந்தால் போதும். மற்றவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கலாம். போகிறவர்களும் சோப்புப் போட்டு ஒரு நிமிடம், விரல் இடுக்கு, நகக் கண், கட்டைவிரல் எல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டுத் தொடுங்கள். கட்டிலில் உட்கார வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

புண்ணைச் சுத்தமாகவும் ஈரம் இல்லாமலும் வைத்திருக்க வேண்டும். எப்போது குளிக்கலாம், எப்போது தையல் பிரிக்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், விபூதி, சாம்பல், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் தையல் மேல் போடக் கூடாது. உள்பாவாடை நாடா சிசேரியன் தையல் மேல் உரசாமல் தளர்வாகக் கட்டுங்கள். துவைத்து நல்ல வெயிலில் காய்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள்.

பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. "பருப்பு சாப்பிட்டா சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, தண்ணி நிறையக் குடிச்சா தையல் ஊறிப்போகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது சரியில்லை. வெட்டிய சதை ஒட்டுவதற்குப் புரதம்தான் செங்கல். பருப்பு, முட்டை, மீன், பால், கடலை, கீரை, பழம் எல்லாம் வேண்டும். தண்ணீரும் வேண்டும். ரசம் சோறு மட்டும் கொடுத்து ஒரு மாதம் வைத்தால் புண் எப்படி ஆறும்? டாக்டர் தனியாக எதையாவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதை மட்டும் விடுங்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும்:

1. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், அல்லது குளிர் நடுக்கம்.
2. தையலைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சூடு பரவுவது.
3. சீழ், நாற்றமடிக்கும் நீர் வடிவது, தையல் விட்டுப்போவது.
4. நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுவது.
5. பிரசவத்துக்குப் பிறகு நாற்றத்தோடு தீட்டுப் போவது, அடிவயிற்று வலி.

மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, பேச்சு குழறுதல், ஆள் தெரியாமல் உளறுதல், சிறுநீர் மிகவும் குறைந்துபோதல் – இவை இருந்தால் கிருமி இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பாதித்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க் கணக்கு.

சீழ் பிடித்துவிட்டால், அதில் கொஞ்சம் எடுத்துக் 'கல்ச்சர்' பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். முடிவுச் சீட்டில் மருந்தின் பெயருக்கு எதிரே 'எஸ்' என்று இருந்தால் கேட்கும், 'ஆர்' என்று இருந்தால் கேட்காது. அந்தச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுங்கள். எந்த மருந்து என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போடும் செலவும் நாளும் மிச்சமாகும்.

மருந்துக் கடையிலும் மாட்டுக் கொட்டகையிலும்

ஆஸ்பத்திரியில் உள்ள கிருமி மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஊரிலும் நாம் அதற்குப் பயிற்சி கொடுக்கிறோம். "சளி, காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்கண்ணே" என்று கேட்டு, காகிதத்தில் மடித்த செட் மாத்திரையை வாங்கிப் போடுகிறோம். சாதாரண சளி, பெரும்பாலான காய்ச்சல் வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. தானாக ஆற வேண்டியது ஆறுகிறது, நாம் மாத்திரைக்குப் பெயர் கொடுத்துவிடுகிறோம். நடுவில் நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் மருந்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. நாளை நமக்கே ஆபரேஷன் என்றால், அந்தக் கிருமிதான் புண்ணுக்கு முதலில் வந்து நிற்கும்.

மாத்திரை அட்டையில் இடது பக்கம் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 பட்டியல் விதிப்படி, அதில் உள்ள வலுவான ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நாம் ரொக்கப் பதிவேடு எழுதுவது போலத்தான்.

டாக்டர் சொன்ன அளவு, சொன்ன வேளை, சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். நீங்களாக நீட்டவும் வேண்டாம். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். சக்கரை கடன் கொடுப்பது மாதிரி மாத்திரை கடன் கொடுக்கக் கூடாது.

கறவை மாடு, கோழி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மடிநோய்க்கு ஊசி போட்டால், கால்நடை டாக்டர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைக் குடிக்கவோ சொசைட்டிக்கு ஊற்றவோ கூடாது. நோய் வராமல் இருக்கவும் சீக்கிரம் வளரவும் என்று கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது ஆபத்து. மனிதர்களுக்குக் கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தை, கோழி முதலான உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுவோம்

ஊக்குநரும் பிரதிநிதிகளும் இந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு கீழே உள்ளவற்றைப் பேசி, சம்மதம் என்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. ஆபரேஷன் ஆன உறுப்பினரை ஒரு மாதம் வரை வாரம் ஒரு முறை ஒருவர் போய்ப் பார்ப்பது. காய்ச்சல், சீழ், வலி மூன்றையும் கேட்பது. கை கழுவிவிட்டுப் போவது.
2. அபாய அறிகுறி இருந்தால் கூட்டம் கூடும் வரை காத்திராமல், அவசரக் கடனை அன்றே கொடுப்பது. இரண்டு பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம்.
3. புண் ஆறாத சகோதரியைக் குறை பேசாமல் இருப்பது.
4. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது.
5. கிராம சுகாதார செவிலியரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, கை கழுவும் முறையைச் செய்து காட்டச் சொல்வது. சந்தேகம் இருந்தால் 104 சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.
6. ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தண்ணீர், சோப்பு, சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் கிராம சபையில் கேட்பது. கை கழுவு என்று நர்ஸம்மாவிடம் சொல்வதற்கு முன், குழாயில் தண்ணீர் வர வேண்டுமே!

பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேர்த்துத்தான் இத்தனை வருஷத்தில் நம் குழுக்களை வளர்த்தோம். பொதுப்பணத்தை ஒருவர் கண்டபடி செலவழித்தால் எல்லோருக்கும் நஷ்டம் என்பது நமக்குத் தெரியும். ஆன்டிபயாடிக் மருந்தும் எல்லோருக்கும் பொதுவான சேமிப்புதான். தேவை இல்லாத இடத்தில் செலவழித்தால், நாளை நம் மகளின் பிரசவத்துக்கு வேண்டியபோது அது வேலை செய்யாது. பார்த்துச் செலவழிப்போம்.

உங்கள் குழுவில் எடுத்த தீர்மானத்தை அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது எழுதிக் கொண்டு வாருங்கள்.